மேடை வித்தையின் ரகசியத்தை வெளியில் சொல்லலாமா, கூடாதா?

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

வணக்கம். கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று மதுரையிலும் சுற்று ஊர்களிலும் மேஜிக் நிகழ்ச்சி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் நான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாவில் நடந்ததைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் பெண்ணை இருத்தி வாள் செருகும் காட்சி. இரண்டு வாள் உள்ளே போய்விட்டது, மூன்றாவதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டுகிறேன். முன்வரிசையில் இரண்டு இளைஞர்கள் அதே வித்தையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும் வீடியோவைக் கைபேசியில் சத்தமாக ஓடவிட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அவர்கள் பக்கம் போய்விட்டார்கள். கடைசி வாளைச் செருகும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியில் இருந்த பெரியவர்கள் மட்டும்தான்.

விழாக் கமிட்டி பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டது. என் வருத்தம் பணத்தைப் பற்றியது அல்ல. மேடை ஏறியதும் நான் சொல்லும் முதல் வார்த்தையே, "இது மந்திரம் இல்லை, தந்திரம், கையும் கருவியும் செய்கிற வேலை" என்பதுதான். எனக்கு அபூர்வ சக்தி இருப்பதாக ஒரு நாளும் சொன்னதில்லை. ஏமாற்றப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, அதற்கு இசைந்து வந்து உட்கார்ந்தவர்களைத்தான் ஏமாற்றுகிறேன். அப்படிப்பட்டவனுடைய தொழில் ரகசியத்தைப் போட்டு உடைப்பதில் யாருக்கு என்ன லாபம்? வித்தைக்காரர்களே பார்வை எண்ணிக்கைக்காக இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது கூடுதல் வேதனை. சொல்லலாமா, கூடாதா? மனதில் பட்டதை எழுதுங்கள்.

சீட்டுக்கட்டு எழுதியது:

அண்ணா, நிகழ்ச்சி நடக்கும்போது வீடியோவை ஓடவிட்டது அநாகரிகம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் வித்தை பழகியதே அந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துத்தான். பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். கற்றுத்தரச் சொல்லி இங்கே நான் தேடிப்போன பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "என் மகனுக்கே சொன்னதில்லை" என்றார் ஒருவர், பெருமையாக. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும். அது கலைக்குச் செய்யும் மரியாதையா?

ரகசியம் வெளியானால் வித்தை அழியும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. 1584-இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், சூனியக்காரிகள் என்று முத்திரை குத்தி அப்பாவிகளைத் தண்டிப்பதை எதிர்த்து ஒரு புத்தகம் எழுதினார். இதெல்லாம் பேயின் வேலை இல்லை, கைவேலை என்று காட்டுவதற்காகப் பந்து, நாணயம், சீட்டு வித்தைகளின் செய்முறையை அதில் அச்சிட்டார். பின்னால் வந்த வித்தைக்காரர்கள் அதையே பாடப்புத்தகமாக்கிக்கொண்டார்கள். இன்று பென், டெல்லர் என்ற அமெரிக்க வித்தைக்காரர்கள் இருவர், கிண்ணமும் பந்தும் வித்தையை ஒளி ஊடுருவும் கிண்ணங்களை வைத்துச் செய்கிறார்கள். பந்து உள்ளே போவது கண்ணெதிரே தெரிகிறது. தெரிந்தும் கண் தவறவிடுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் கைவேகம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

தம்பி, நீ தேடிப்போய்க் கற்றாய். ஆறு மாதம் ஒரே ஒரு சீட்டு நகர்த்தலைப் பழகியிருப்பாய், விரல் காய்த்திருக்கும். அந்த ரகசியம் உனக்கு உரியது. நான் எதிர்ப்பது வேறு: கேட்காதவன் கையில் கொண்டுபோய்த் திணிப்பது. 1997-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகமூடி போட்டுக்கொண்டு ஒருவர் பெரிய பெரிய மேடை வித்தைகளை அவிழ்த்துக் காட்டினார். பார்த்த கோடிக்கணக்கானவர்களில் வித்தை பழக வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்களுக்கு ஒரு வியப்பு குறைந்தது, அவ்வளவுதான்.

வியப்புக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு வித்தைக்காரர் பி.சி. சர்க்காரைச் சொல்வேன். 1956 ஏப்ரலில் அவர் லண்டனில் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை அறுக்கும் வித்தையைச் செய்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நிகழ்ச்சியைச் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் எழுந்திருப்பதை யாரும் பார்க்கவில்லை. பெண் செத்துவிட்டாளோ என்று பதறி, நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அதன் பிறகு லண்டனில் அவர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஒரு வங்காளி உலகத்தையே வாய்பிளக்க வைத்த இரவு அது. அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று "இப்படித்தான் செய்கிறார்" என்று விளக்கிக்கொண்டிருந்தால் அந்த இரவு உண்டா?

மேலூர் வேதியியல் எழுதியது:

அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கிராமங்களில் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே ரகசியத்தை உடைப்பதுதான் என் வேலை என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் உடைப்பது எதை என்று சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் சொட்டுகிறது, செய்வினை இருக்கிறது என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குகிறார்கள். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள். புளிப்புப் பட்டதும் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி எடுக்கும் வீட்டில் பிறந்த பெண்களுக்கு, நிறம் மாறுவது புதிய செய்தியே இல்லை. ஆனாலும் கையில் எலுமிச்சையோடு ஒருவர் வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து மிரட்டும்போது அது நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று, வெறுங்கையில் விபூதி வரவழைப்பது. சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்த உருண்டை, கட்டைவிரலின் அடியில் ஒளிந்திருக்கும்.

இவற்றையாவது மன்னிக்கலாம். படத்திலிருந்து விபூதி கொட்டுகிறது என்பார்களே, அதில் ஒரு வகையில் அலுமினியச் சட்டத்தில் பாதரச உப்பைத் தடவியிருப்பார்கள். சட்டம் சாம்பல் நிறத்தில் பூத்து உதிரும். அதைப் பிரசாதம் என்று குழந்தையின் நாக்கில் வைக்கிறார்கள். பாதரசம் நஞ்சு. இங்கே ரகசியம் காப்பது எந்தத் தர்மத்திலும் சேராது.

திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டினால் பணம் உங்களுக்கு என்றார். 1978-இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவர் வழியில் போத்தனூரில் இருந்துகொண்டு பிரேமானந்த் என்பவர் இந்தப் புரட்டுகளை உடைத்துக் காட்ட ஊர் ஊராகப் போனார். 2009-இல் காலமாகும்வரை அதுதான் அவர் வேலை. அவரே கைதேர்ந்த வித்தைக்காரர் என்பதை மாயக்காரன் ஐயா அறிந்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1920-களில் ஆவியுடன் பேசுவதாகச் சொன்னவர்களைப் பிடித்துக் கொடுத்தவரும் ஹூடினி என்ற வித்தைக்காரர்தான்.

ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. மேடையில் "தந்திரம்" என்று சொல்பவர்கள் எல்லோரும் எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்களா? 1856-இல் பிரெஞ்சு அரசு ராபர்ட் ஹூடின் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மதகுருக்களைவிடப் பிரெஞ்சுக்காரனின் மந்திரம் பெரியது என்று காட்டுவதற்காக. ஒரு சின்னப் பெட்டி; குழந்தைகூடத் தூக்கும். "இப்போது உன் பலம் போய்விட்டது" என்று சொன்னதும் பலசாலியால் அதை அசைக்க முடியவில்லை. பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்குக் கீழே மின்காந்தம். அன்று அந்த மின்காந்தத்தைப் பற்றி ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் அவரை நீங்கள் குறை சொல்வீர்களா?

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

சொல்ல மாட்டேன், டீச்சர். சக்தி என்று சொன்ன கணமே அவன் வித்தைக்காரன் என்ற பாதுகாப்பை இழக்கிறான். நீங்கள் எலுமிச்சையை அறுங்கள், விபூதியைக் கொட்டுங்கள், நானே வந்து உதவுகிறேன். ஆனால் விபூதி உருண்டை ஒளியும் அதே இடத்தில்தான் என் நாணயமும் ஒளிகிறது. நீங்கள் அவனை அடிக்கும்போது அடி என் மேலும் விழுகிறது. அதற்கு வழி சொல்லுங்கள்.

கல்யானை எழுதியது:

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கல்யானையைப் பார்த்து வளர்ந்தவன். சித்தராக வந்த சொக்கநாதர், கல்லால் ஆன யானையைக் கரும்பு தின்ன வைத்தார் என்பது இந்த ஊர் நம்பிக்கை. அதற்கு முன்னால் கிழவரை இளைஞராக்கினார், இரும்பைப் பொன்னாக்கினார். பாண்டியன் ஆள் அனுப்பி அழைத்தும் போகவில்லை, உங்கள் அரசனால் எனக்கு ஆகவேண்டியது என்ன என்று கேட்டுவிட்டார். அந்தக் கதையில் அற்புதம் செய்தவர் யாரிடமும் கை நீட்டவில்லை. காசு வாங்கும் போலிகளை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தோலுரியுங்கள், நான் கைதட்டுவேன். ஆனால் தீமிதிப்பையும் அலகு குத்துவதையும் பள்ளி மேடையில் வித்தை என்று செய்து காட்டுவதை ஏற்க முடியாது. விரதம் இருந்து இறங்குகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை.

மேலூர் வேதியியல் எழுதியது:

ஐயா, தணலின் மேல் சில வினாடிகளில் நடந்து கடந்தால் கால் அதிகம் சுடாமல் இருப்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு; மாணவர் கேட்டால் சொல்வேன். விரதம் இருப்பவரின் பக்தியைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை, எங்கள் நிகழ்ச்சியில் தீமிதிப்பு இடம்பெறுவதும் இல்லை. அந்த வேண்டுதலை வைத்து ஒருவர் வசூல் செய்யத் தொடங்கும்போது நாம் மறுபடியும் பேசுவோம்.

திரைக்குப் பின்னால் எழுதியது:

எல்லோரும் வித்தைக்காரரின் ரகசியம் என்கிறீர்கள். பெட்டிக்குள் இருந்தவள் நான். பல வருடங்கள் ஊர் ஊராகப் போன ஒரு குழுவில் வேலை பார்த்தேன். சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையிலும் கூடாரம் போட்டிருக்கிறோம்.

வெளியே அவர் கையை வீசுவார், பாட்டு ஓடும். உள்ளே வெளிச்சம் கிடையாது. மூடி விழுந்ததும் மூச்சை வெளியே விட்டு வயிற்றை ஒட்டவைத்து, வலது முழங்காலை மார்போடு சேர்த்து, தலையை இடப்பக்கம் சாய்த்துவிட வேண்டும். பாட்டின் எந்த வரியில் எந்த வாள் வரும் என்பது மனப்பாடம். தகரம் உரசும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். முதல் வாளின் முனையை நானே கையால் பிடித்து, போக வேண்டிய வழியில் போகவிடுவேன். ஒருமுறை பாட்டு தடைபட்டபோது அவருக்கு வரிசை மறந்துவிட்டது. உள்ளிருந்து விரலால் பலகையைத் தட்டித்தான் அடுத்த வாள் எந்தப் பக்கம் என்று சொன்னேன். வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே கையை விரிக்க வேண்டும், கால் மரத்துப்போயிருந்தாலும். கைதட்டு அவருக்கு. நோட்டீஸில் என் பெயர் கிடையாது. "மற்றும் குழுவினர்" என்று இருக்கும். சம்பளமும் அதற்கு ஏற்றபடிதான்.

ரகசியம் காப்பது என்றால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று உலகம் நம்ப வேண்டும். வித்தையில் பாதிக்கு மேல் வேலை என்னுடையது, அதை மறைப்பதுதான் வித்தையின் இலக்கணம் என்றார்கள். விளக்க வீடியோ ஒன்றை என் மகள் காட்டினாள். அதில் பேசிய பையன், "பெண் உள்ளே சும்மா ஒதுங்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, ரகசியத்தைச் சொன்னதற்காக அல்ல. சும்மா என்று சொன்னதற்காக. சொல்வதாக இருந்தால் முழுவதையும் சொல்லுங்கள். முழங்காலையும் சொல்லுங்கள்.

சீட்டுக்கட்டு எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 1921-இல் லண்டனில் செல்பிட் என்பவர் பெண்ணை அறுக்கும் வித்தையை முதன்முதலில் மேடையேற்றினார் என்று படித்திருக்கிறேன். அவர் பெயர் எல்லா வித்தைப் புத்தகத்திலும் இருக்கிறது. பெட்டிக்குள் படுத்திருந்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

அக்கா, என்னுடைய பெட்டிக்குள் இருப்பது என் மனைவியின் தங்கை. நோட்டீஸில் அவள் பெயரும் இல்லை. உங்கள் பதிவை அவளிடம் படித்துக் காட்டினேன். "தட்டிச் சொல்வது நானும் செய்வதுதான், உங்களுக்குத் தெரியாமல்" என்றாள். அடுத்து அச்சடிக்கும் நோட்டீஸில் அவள் பெயர் இருக்கும்.

வழக்காடி எழுதியது:

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞர். சட்டம் ரகசியத்தைக் காப்பாற்றுமா என்று யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

காப்புரிமை வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது பொது ஆவணம். ஹோரஸ் கோல்டின் என்ற வித்தைக்காரர் 1920-களில் அறுக்கும் வித்தைக்குக் காப்புரிமை வாங்கினார். சில வருடங்கள் கழித்து ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தை வெளியிட்டது. கோல்டின் வழக்குப் போட்டு 1938-இல் தோற்றார். நீங்களே ஊரறியச் செய்த ஒன்றை ரகசியம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இதற்கு மாறாக, டெல்லர் தன் ரோஜா நிழல் காட்சியை அப்படியே நகலெடுத்த ஒருவர் மேல் தொடுத்த வழக்கில் 2014-இல் வென்றார். அங்கே நீதிமன்றம் காப்பாற்றியது செய்முறையை அல்ல, ஊமைக்கூத்தாகப் பதிவு செய்யப்பட்ட அந்தக் காட்சியை.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. 'நிகழ்த்துநர்' என்பதற்கான வரையறையில் நடிகர், பாடகர், நடனக் கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் நிகழ்ச்சியை உங்கள் இசைவின்றிப் பதிவு செய்து வெளியிடுவதைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அது ஐம்பது ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே உங்கள் மேடையைப் படம்பிடித்து அதை வைத்தே விளக்கம் போட்டால் கேள்வி கேட்கலாம். தானே ஒரு பெட்டி செய்து தானே விளக்குகிறவரை ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெட்டியின் நுட்பம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அக்காவும் நிகழ்த்துநர்தான், உரிமை கையை வீசுகிறவருக்கு மட்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

செல்லூர் தச்சர் எழுதியது:

பெட்டி செய்கிறவன் பேசலாமா? மேஜிக் பெட்டி, இரட்டை அடி டிரங்கு, மறைவுக் கதவு வைத்த மேசை எல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். பலகையின் ஓரத்தைச் சரித்து இழைத்துக் கறுப்புக் கோடு இழுத்துவிட்டால், பருமனான பலகை மெல்லியதாகத் தெரியும். இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை. செய்யச் சொன்னவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒருவர் வந்தார். சாமி படத்துக்குச் சட்டம் வேண்டும், பின்னால் ஒரு விரற்கடை ஆழத்துக்கு அறை வேண்டும், கீழே மயிரிழை அளவு திறப்பு வேண்டும், ஆணியைத் திருகினால் அது திறக்க வேண்டும் என்றார். எந்த ஊர் மேடைக்கு என்று கேட்டேன். மேடை இல்லை, வீட்டுக்கு என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு பட்டறையில் செய்திருப்பார், சந்தேகமில்லை. அவர் குடியிருக்கும் தெரு எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் போய்ச் சொல்லலாமா? மேஜிக் செய்கிறவருக்குக் கொடுத்த வாக்கு இவருக்கும் பொருந்துமா?

மேலூர் வேதியியல் எழுதியது:

பொருந்தாது, ஐயா. சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம், நாங்களும் வருகிறோம்.

திருநகர் அம்மா எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு உடனே ஒரு பதில் வேண்டும்.

என் மகள் நான்காம் வகுப்பு. நடுமூளையைத் தூண்டி விடுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பாள், நினைவாற்றல் பெருகும் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேர்த்தோம். இரண்டாவது வாரமே கறுப்புத் துணிக் கவசத்தை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாசித்தாள். உறவினர்கள் வரும்போதெல்லாம் செய்து காட்டச் சொன்னோம். ஆனால் நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். புத்தகத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் மூக்கருகே கொண்டுபோகிறாள். தாடையைக் கொஞ்சம் உயர்த்துகிறாள். எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவுகிறாள். நேராகக் கேட்டால் "தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். முன்பு இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகமாட்டாள். அடுத்த நிலைப் பயிற்சிக்கு இன்னும் பணம் கேட்கிறார்கள்.

மாயக்காரன் அண்ணன் கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தை செய்வீர்கள்தானே? இது எப்படி நடக்கிறது?

மேலூர் வேதியியல் எழுதியது:

பணம் கட்டாதீர்கள், அம்மா. நடுமூளை எல்லோருக்கும் பிறந்தது முதல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தூண்டிவிட வேண்டிய நிலையில் அது உறங்கிக் கிடக்கவில்லை. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்தப் பயிற்சியின் புரட்டைப் பல ஊர்களில் வெளிப்படுத்தியிருக்கிறார்.

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் கண்ணைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். கூட்டத்தில் யாரோ எழுதிய சீட்டைக் கண்ணைக் கட்டியபடி வாசிப்பதுதான் என் நிகழ்ச்சியின் உச்சம். அந்தச் செய்முறையை இங்கே எழுதினால் நாளையே மாட்டுத்தாவணி வரைக்கும் பரவிவிடும். அதைச் சொல்லாமலேயே உங்களுக்கு வேண்டியதைத் தர முடியும்.

புத்தகத்தை அவள் கையில் கொடுக்காதீர்கள். கவசத்தை மாட்டியபின் நீங்களே அவள் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பிறகு தலைக்குப் பின்னால் பிடியுங்கள். அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டு நேராகப் பிடியுங்கள். உண்மையில் மூளையால் வாசிப்பவளுக்கு மூன்றும் ஒன்றுதான். யாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம், தனியாக இருக்கும்போது செய்யுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், குற்றம் அவளுடையது இல்லை.

1973-இல் மனசக்தியால் கரண்டியை வளைக்கிறேன் என்று சொன்ன யூரி கெல்லர் அமெரிக்காவில் ஜானி கார்சன் என்பவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சன் இளமையில் மேஜிக் செய்தவர். ராண்டி என்ற வித்தைக்காரரிடம் யோசனை கேட்டு, பொருள்களைத் தாங்களே வாங்கி வைத்து, கெல்லரோ அவருடைய ஆட்களோ முன்னதாகத் தொட முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தும் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. கரண்டி எப்படி வளைகிறது என்று அன்று யாரும் விளக்கவில்லை. டீச்சர், நான் கேட்ட வழி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. செய்முறையை ஊருக்குச் சொல்வதைவிடச் சோதிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்போம். எந்தப் புது ஆள் எந்தப் புது வேடத்தில் வந்தாலும் அது கைகொடுக்கும். மேடையில் நிற்பவனை அது தொடாது. நான் சக்தி என்று சொல்லவில்லை, ஆகவே என்னைச் சோதிக்க யாருக்கும் தேவையில்லை.

சீட்டுக்கட்டு எழுதியது:

அண்ணா, தலைக்கு மேலே பிடித்தால் தெரியாது என்று சொன்ன பிறகு, எந்த வழியாகத் தெரிகிறது என்று ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரகசியத்தில் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

ஆமாம் தம்பி. தெரிந்துதான் சொன்னேன். ஊகிக்கிறவன் ஊகிக்கட்டும். அந்தப் பிள்ளை ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரிவதைவிட என் உச்சக் காட்சி சற்று மங்குவது பெரிதில்லை.

மேலூர் வேதியியல் எழுதியது:

சோதனை முறை நல்லதுதான், எங்கள் நிகழ்ச்சியிலும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் அது மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. பாதரச விபூதிக்குச் சோதனை வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்? எலுமிச்சையோடு வீட்டுக்குள் வந்தவரிடம் "கத்தியை நான் கழுவித் தருகிறேன்" என்று சொல்ல, பயந்துபோன ஒரு பெண்ணுக்குத் துணிவு வர வேண்டாமா? கத்தியில் என்ன இருக்கிறது என்று முன்பே அறிந்திருந்தால்தான் அந்தத் துணிவு வரும். மகாராஷ்டிரத்தில் இதற்காகவே பாடுபட்ட நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகுதான் அங்கே மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வந்தது. 2017-இல் கர்நாடகத்திலும் வந்தது. இவற்றை நான் தொடர்ந்து உடைப்பேன். பெட்டியையும் வாளையும் தொடமாட்டேன், அது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

திருநகர் அம்மா எழுதியது:

நேற்று இரவு செய்து பார்த்தேன். நெற்றிக்கு மேலே பிடித்ததும் பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே கவசத்தைக் கழற்றினாள். வகுப்பில் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் தெரிகிறது என்று சொன்னார்களாம், இவளும் சொன்னாளாம். சொன்னவர்களுக்கு மட்டும் மிஸ் சாக்லேட் கொடுத்தார்களாம். "நீங்க பணம் கட்டியிருந்தீங்கல்ல" என்று சொல்லி அழுதாள். இனிமேல் போக வேண்டாம் என்று சொன்னதும் தூங்கிவிட்டாள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்கிறார்கள்.

வழக்காடி எழுதியது:

ரசீதும் அவர்களுடைய விளம்பரத் துண்டறிக்கையும் இருக்கிறதா? இருந்தால் முதலில் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தவறான விளம்பரத்தையும் விட்டுவைக்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அறிவிப்பை நானே எழுதித் தருகிறேன்.

திருநகர் அம்மா எழுதியது:

இரண்டும் இருக்கின்றன, ஐயா. துண்டறிக்கையில் கண் கட்டிய பிள்ளையின் படமும் போட்டிருக்கிறார்கள்.

மாசிவீதி மாயக்காரன் எழுதியது:

வழக்கு என்று வந்தால் சாட்சி சொல்ல நான் வருகிறேன். எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதே கவசத்தை மாட்டிக்கொண்டு ஆணையத்தின் முன்னால் வாசித்துக் காட்டுகிறேன். எப்படி என்று உறுப்பினர்கள் கேட்டால் அதையும் சொல்வேன்.

வழக்காடி எழுதியது:

அதை முதலில் பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். டீச்சருடையதும் ஒன்று வேண்டும். இருவரும் சனிக்கிழமை அலுவலகத்துக்கு வர முடியுமா?